வேலூரின் 632001: ஓர் அஞ்சல் எண்ணின் கணிதப் பண்புகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பக்கம் எந்த எண்ணைப் பற்றியது?

வேலூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடாகிய 632001 என்ற ஆறிலக்க எண்ணைப் பற்றியது. ஆறு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து ஒன்று என்று இதைப் படிக்க வேண்டும். வேலூரில் வாழும் எவரும் தம் முகவரியின் கடைசி வரியில் இதையோ இதன் உறவெண்களில் ஒன்றையோ ஆயிரம் முறையாவது எழுதியிருப்பார்கள். ஆனால் இதை ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டு, எவற்றால் வகுபடும், எந்த வர்க்கத்துக்கு அருகில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த ஒருவர் தாளும் பேனாவும் கொண்டு இந்த எண்ணிலிருந்து எவ்வளவு பெறமுடியும் என்று காட்டுவதே நோக்கம்.

பின்கோடு வெறும் அடையாளக் குறிதானே? அதற்குக் கணிதப் பண்பு உண்டா?

கேள்வி நியாயமானது. பின்கோடு எதையும் அளப்பதில்லை. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அம்முறைப்படி முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றைக் கொண்ட மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்கள் பிரிக்கப்படும் பகுதியையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆயினும் ராணிப்பேட்டையும் ஆரணியும் இன்றும் 632 என்றே தொடங்குகின்றன. இரண்டு பின்கோடுகளைக் கூட்டினால் வரும் தொகைக்குப் பொருள் இல்லை என்பதும் உண்மையே.

இருந்தாலும், அஞ்சல் துறை எந்தக் காரணத்துக்காக அந்த எண்ணைத் தேர்ந்தாலும், தேர்ந்தபின் அது ஒரு முழு எண்தான். அதன் காரணிகள் எந்தத் துறையின் ஆணைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. கீழே சொல்லப்படும் பண்புகள் எண்ணுக்கு உரியவை, ஊருக்கு உரியவை அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

632001 பகா எண்ணா?

இல்லை. இலக்கங்களின் கூடுதல் 6 + 3 + 2 + 0 + 0 + 1 = 12. அது 3ஆல் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். 632001 = 3 × 210667. கூடுதல் 9ஆல் வகுபடாததால் எண்ணும் 9ஆல் வகுபடாது. ஆகவே 3 ஒரே ஒரு முறைதான் வருகிறது.

அப்படியானால் 210667இன் காரணிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளியில் கற்பிக்கும் வழி, 5, 7, 11, 13 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. இந்த எண்ணில் அந்த வழி மிகவும் சோதிக்கும். 5 முதல் 283 வரை எந்தப் பகா எண்ணும் மீதியின்றி வகுக்காது. அறுபதாவது வகுத்தலில், அதாவது 293இல்தான் விடை கிடைக்கும். இடையில் ஒரே ஒரு கணக்குப் பிழை நேர்ந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் பியர் தெ ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய வேறொரு வழி உண்டு. அதை 632001இல் செய்து பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏனென்றால் இந்த எண் அந்த வழிக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. அடிப்படை, எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த முற்றொருமைதான்: a² − b² என்பதை a + b, a − b ஆகியவற்றின் பெருக்கலாக எழுதலாம் என்பது (எழுத்துகளுக்குப் பதில் சொல்லில் கூறினால், இரு வர்க்கங்களின் வித்தியாசம் அவற்றின் மூலங்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கியதற்குச் சமம்). எனவே நம் எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், காரணிகள் தாமே வந்துவிடும்.

முதலில் 632001இன் வர்க்கமூலத்துக்கு அடுத்து வரும் முழு எண்ணைக் காண்கிறோம். 794² = 630436, இது சிறியது. 795² = 632025, இது நம் எண்ணைவிட 24 மட்டுமே பெரியது. ஆறு லட்சத்தைத் தாண்டிய ஓர் எண் ஒரு முழு வர்க்கத்துக்கு இவ்வளவு அருகில் நிற்பது கவனிக்கத் தக்கது. இனி 795இலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, வர்க்கத்திலிருந்து 632001ஐக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

795² − 632001 = 24. முழு வர்க்கம் இல்லை.
796² − 632001 = 1615. இல்லை, 40² = 1600 என்பதால் சற்றே தவறிவிட்டது.
797² − 632001 = 3208. இல்லை.
798² − 632001 = 4803. இல்லை.
799² − 632001 = 6400. இது 80².

ஐந்தாவது படியிலேயே முடிந்துவிட்டது. 632001 = 799² − 80² = (799 + 80) × (799 − 80) = 879 × 719. இவற்றில் 879இன் இலக்கக் கூடுதல் 24, ஆகவே அது 3 × 293. இனி 293, 719 ஆகியவை பகா எண்களா என்று பார்ப்பது எளிது. முதலாவதற்கு 17 வரையும் இரண்டாவதற்கு 23 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டும் பகா எண்களே. முடிவாக,

632001 = 3 × 293 × 719.

எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தின்படி, வரிசையை மாற்றி எழுதலாமே தவிர, இந்த எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுத வேறு வழி கிடையாது.

ஃபெர்மாவின் வழி எப்போதும் இவ்வளவு விரைவாக முடியுமா?

முடியாது. இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் விரைவாக முடியும். நம் எண்ணில் 719உம் 879உம் 799இலிருந்து இருபுறமும் சமமாக 80 தள்ளி நிற்கின்றன. 799 என்பது தொடக்கப் புள்ளியாகிய 795க்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு எண் தள்ளி இருக்கும் 632003ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 613 × 1031. அதே 795இலிருந்து தொடங்கினால் 822 வரை, அதாவது 28 படிகள் ஏறவேண்டும். அப்போதுதான் 822² − 209² என்று விடை கிடைக்கும். காரணிகள் இன்னும் விலகினால் படிகள் மிகப் பெருகும். ஃபெர்மா தாமே 1643இல் எழுதிய கடிதம் ஒன்றில் 2027651281 என்ற பத்திலக்க எண்ணை 44021 × 46061 என்று பிரித்துக் காட்டினார். அங்கும் காரணிகள் அருகருகே இருந்ததால் பன்னிரண்டே படிகளில் வேலை முடிந்தது.

இது பழங்கதை அன்று. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகியோர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியாக்க முறை, இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த எண்ணைப் பிரிப்பது கடினம் என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் 2048 இரும இலக்கச் சாவி ஒன்றைத் தசம முறையில் எழுதினால் 617 இலக்கங்கள் வரும். இம்முறைக்கெனச் சவாலாக வெளியிடப்பட்ட எண்களில் 250 இலக்கம் கொண்ட ஒன்று 2020இல்தான் பிரிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய எண்ணிலும் அந்த இரண்டு பகா எண்களைக் கவனமின்றி அருகருகே தேர்ந்துவிட்டால், மேலே செய்த அதே கழித்தல் கணக்கு அதை உடைத்துவிடும். ஆகவே சாவி உருவாக்குவோர் அவ்விரண்டும் போதிய தொலைவில் இருப்பதை உறுதி செய்துகொள்கிறார்கள்.

7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுமா என்று பார்க்கச் சுருக்கு வழி உண்டா?

உண்டு. 632 என்று தொடங்கும் எல்லாப் பின்கோடுகளுக்கும் அது பொருந்தும். 7 × 11 × 13 = 1001 என்பதால், ஆறிலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்று இலக்கங்களைக் கழித்து, மிஞ்சியதைச் சோதித்தால் போதும். 632001க்கு 632 − 1 = 631. இது 7, 11, 13 மூன்றாலும் வகுபடாது. எனவே 632001உம் வகுபடாது.

ராணிப்பேட்டையின் 632401ஐ எடுத்தால் பயன் உடனே தெரியும். 632 − 401 = 231 = 3 × 7 × 11. ஆகவே 632401 ஏழாலும் பதினொன்றாலும் வகுபடும். (231இல் 3 இருப்பதைக் கொண்டு எண்ணும் 3ஆல் வகுபடும் என்று முடிவு செய்யக் கூடாது. இச்சோதனை 1001இன் காரணிகளுக்கு மட்டுமே உரியது.) வகுத்தால் 8213 வரும். அது 43 × 191. எனவே 632401 = 7 × 11 × 43 × 191. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சேர்க்காட்டின் 632115க்கு 632 − 115 = 517 = 11 × 47. ஆகவே அதில் 11 உண்டு, 7உம் 13உம் இல்லை. அதன் முழுப் பிரிப்பு 3² × 5 × 11 × 1277.

இன்னொரு வசதியும் உண்டு. 632000 = 79 × 8000, அதாவது 79 × 20³. ஆகவே நம் பகுதிப் பின்கோடு எதையும் 79ஆல் வகுத்தால் வரும் மீதி, அதன் கடைசி மூன்று இலக்கங்களை 79ஆல் வகுத்தால் வரும் மீதியே.

நம் பகுதியில் பகா எண்ணாக அமைந்த பின்கோடு உண்டா?

உண்டு. ஆற்காட்டின் 632503 ஒரு பகா எண். பாலாற்றின் ஒரு கரையில் இருக்கும் ராணிப்பேட்டையின் எண் நான்கு பகா எண்களாகப் பிரிகிறது. எதிர்க்கரை ஆற்காட்டின் எண்ணோ எதனாலும் பிரிக்க முடியாதது. இரண்டு எண்களுக்கும் இடையே 102 தான் வித்தியாசம். எண்ணின் அளவைப் பார்த்து அதன் உள்ளமைப்பைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

இதைச் சரிபார்க்க விரும்புவோர் 795 வரையுள்ள 138 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் 796² = 633616 நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறையும் சுருக்கு வழிகளில் தள்ளிவிடலாம். மீதி 132 வகுத்தல்களைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். நான்கைந்து மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை. ஒவ்வொரு மீதியையும் எழுதிவைப்பது நல்லது, சரிபார்ப்பவர் அதைக் கொண்டே பிழையைக் கண்டுபிடிப்பார்.

ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின் வழியாக ஒரு விரைவான சோதனையும் இருக்கிறது. ஒற்றைப்படைப் பகா எண் p எதுவானாலும், 2இன் p − 1ஆம் அடுக்கை pஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது அத்தேற்றம். 632502இல் பாதி 316251. 2இன் 316251ஆம் அடுக்கை 632503ஆல் வகுத்தாலே மீதி 1 வருகிறது, ஆகவே அதன் வர்க்கமாகிய 632502ஆம் அடுக்கிலும் மீதி 1தான். தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் 632503ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், பதினெட்டு வர்க்கங்களில் இதைக் கணக்கிட்டுவிடலாம். பகா எண்ணாக இருந்தால் இப்படித்தான் வரவேண்டும். ஆனால் இப்படி வந்ததால் மட்டும் அது பகா எண் என்று உறுதியாகிவிடாது. 341 = 11 × 31 என்ற பகு எண்ணிலும் 2இன் 340ஆம் அடுக்கு மீதி 1ஐத் தருகிறது. எனவே இச்சோதனையைத் துணைச் சான்றாகக் கொள்ளலாம். முழுச் சான்று 132 வகுத்தல்களில்தான் இருக்கிறது.

632000க்கும் 632999க்கும் இடையில் மொத்தம் எத்தனை பகா எண்கள் இருக்கலாம்?

பகா எண் தேற்றம் ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. இந்த இடத்தில் எண்ணின் இயல் மடக்கை (ஏறத்தாழ 2.718 ஆகிய e என்ற எண்ணை அடியாகக் கொண்ட மடக்கை) ஏறத்தாழ 13.36. எனவே சராசரியாகப் பதின்மூன்று எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். ஆயிரம் எண்களில் எழுபத்தைந்தை ஒட்டி எதிர்பார்க்கலாம்.

காட்பாடி, பாகாயம், சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. ஆகியவற்றின் எண்கள்?

பாகாயத்தின் 632002 இரட்டைப்படை, மேலும் 7ஆல் வகுபடும். காட்பாடியின் 632007இன் இலக்கக் கூடுதல் 18, ஆகவே 9ஆல் வகுபடும். வி.ஐ.டி.யின் 632014 இரட்டைப்படை, 4ஆல் வகுபடாது. சி.எம்.சி. மருத்துவமனையின் 632004 = 2² × 3 × 52667. இந்த 632004க்கு அடுத்த விடையில் ஒரு வேலை இருக்கிறது.

632001க்கு எத்தனை வகுத்திகள்? அது குறை எண்ணா, மிகை எண்ணா?

மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொரு முறை வருவதால் வகுத்திகள் 2 × 2 × 2 = 8. அவை 1, 3, 293, 719, 879, 2157, 210667, 632001. கடைசியை விட்டு மற்ற ஏழையும் கூட்டினால் 214719. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அதைக் குறை எண் என்றும், மிகுந்தால் மிகை எண் என்றும், சமமாக இருந்தால் நிறைவெண் என்றும் சொல்வார்கள். 632001 தெளிவான குறை எண். மூன்று எண் தள்ளியிருக்கும் 632004 மிகை எண். அதன் கூடுதல் 842700. காரணம் எளிது: 12 ஒரு மிகை எண் (1 + 2 + 3 + 4 + 6 = 16), மிகை எண்ணின் மடங்குகள் எல்லாம் மிகை எண்களே, 632004 பன்னிரண்டின் மடங்கு.

மூன்று பகாக் காரணிகள் இருப்பது அரிதான செய்தியா?

அரிதன்று, இதுவே இயல்பு. அதைத் துல்லியமாகச் சொன்னவர்களில் ஒருவர் நம் இராமானுஜன். 1917இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து வெளியிட்ட தேற்றத்தின்படி, ஏறக்குறைய எல்லா எண்களுக்கும், வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்தால் வரும் மதிப்பை ஒட்டியே இருக்கும். 632001க்கு முதல் மடக்கை 13.36, அதன் மடக்கை 2.59. நம் எண்ணின் பகாக் காரணிகள் மூன்று. ராணிப்பேட்டைக்கு நான்கு, சேர்க்காட்டுக்கும் நான்கு, சி.எம்.சி.க்கு மூன்று, ஆற்காட்டுக்கு ஒன்று. ஆறிலக்க எண்களில் இந்தத் தேற்றத்தைச் சோதிப்பது அதன் முழு ஆற்றலைக் காட்டாது. எண்கள் எல்லையின்றிப் பெருகும்போதுதான் அது உரிய பொருளில் உண்மையாகிறது. அப்படியிருந்தும் நம் சுற்றுவட்டாரத்து எண்கள் மூன்றைச் சுற்றியே நிற்பதைப் பார்க்கும்போது, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த ஒருவர் எண்களின் பொது இயல்பை எவ்வளவு ஆழமாகக் கண்டிருக்கிறார் என்பது விளங்குகிறது. இராமானுஜன் என்றதும், இரு கனங்களின் கூடுதலாக இரண்டு வழிகளில் எழுதத் தக்க மிகச் சிறிய எண்ணாகிய 1729 மட்டுமே பேசப்படுகிறது. இந்தத் தேற்றமும் அந்த அளவுக்குப் பேசப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் 1729 ஓர் எண்ணின் சிறப்பு. இது எல்லா எண்களின் இயல்பு.

632001ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

முடியாது. ஓர் ஒற்றைப்படை எண் இரு வர்க்கங்களின் கூடுதலாக வேண்டுமானால், 4ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 632001 அந்த முதல் சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் முழு விதி காரணிகளைப் பார்க்கிறது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வரவேண்டும். 3உம் 719உம் அத்தகைய பகா எண்கள், இரண்டும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. எனவே வழியே இல்லை.

மூன்று வர்க்கங்கள் என்றால் தடை நீங்கிவிடுகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1798இல் தந்த விதிப்படி, 8ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்களும், அவற்றை 4இன் அடுக்குகளால் பெருக்கியவையும் மட்டுமே மூன்று வர்க்கங்களின் கூடுதலாக ஆகாதவை. 632001ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1. விடையொன்று இதோ: 794² + 38² + 11² = 630436 + 1444 + 121 = 632001.

இதில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. 632001 இரு வர்க்கங்களின் கூடுதல் ஆகாது, ஆனால் அதன் வர்க்கம் ஆகும். காரணம் 293. அது 4ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண், 17² + 2² என்று எழுதத் தக்கது. அதிலிருந்து 285² + 68² = 293² என்ற பிதாகரஸ் மூன்றன் தொகுதி கிடைக்கிறது. மூன்றையும் 2157ஆல் பெருக்கினால் 614745² + 146676² = 632001². ஆகவே கர்ணம் 632001 ஆகவும் மற்ற இரு பக்கங்களும் முழு எண்களாகவும் உள்ள செங்கோண முக்கோணம் உண்டு.

இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எத்தனை வழிகளில் எழுதலாம்?

நான்கு வழிகளில். 799² − 80² மேலே வந்தது. 1225² − 932² இரண்டாவது. மற்ற இரண்டு 105335² − 105332², 316001² − 316000².

719 என்ற காரணிக்குச் சிறப்பு ஏதும் உண்டா?

உண்டு. முதலாவது, 719 = 720 − 1. 720 என்பது 1 முதல் 6 வரை எல்லாவற்றையும் பெருக்கிய தொகை. இரண்டாவது, 89, 179, 359, 719, 1439, 2879 என்ற வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதை இரட்டித்து ஒன்று கூட்டியது, ஆறும் பகா எண்கள். அடுத்து வரும் 5759 = 13 × 443 என்பதால் சங்கிலி அங்கே அறுகிறது. இப்படிப்பட்ட தொடர்களைக் கன்னிங்ஹாம் சங்கிலிகள் என்பார்கள். நம் பின்கோட்டுக்குள் அந்தச் சங்கிலியின் நான்காவது கண்ணி இருக்கிறது.

இலக்கங்களைக் கூட்டினால் 3 வருகிறது. அதனால் ஊருக்கோ வீட்டுக்கோ நன்மை தீமை உண்டா?

இல்லை. 632001இன் இலக்கங்களைக் கூட்டினால் 12, மீண்டும் கூட்டினால் 3. இந்த 3 என்பது 632001ஐ 9ஆல் வகுத்தால் வரும் மீதி, அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒன்பது எண்களில் ஒன்று இந்த மீதியைத் தரும். ஓர் அஞ்சலகத்தின் எண்ணைக் கொண்டு அங்கே வாழும் லட்சக்கணக்கானோரின் வாழ்வைக் கணிக்க இயலாது. பிள்ளைகளின் பெயரெழுத்தையும் வீட்டு எண்ணையும் இதற்காக மாற்றப் பணம் செலவழிக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அந்த மீதிக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. அது பெருக்கலைச் சரிபார்ப்பது. 719இன் இலக்கக் கூடுதல் 17, பிறகு 8. 879இன் இலக்கக் கூடுதல் 24, பிறகு 6. 8 × 6 = 48, அது 12, அது 3. 632001உம் 3. ஆகவே 719 × 879 என்ற நம் கணக்கு இச்சோதனையில் தேறுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழையை இது பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தடுத்த எண்களின் கூடுதலாக எழுத முடியுமா?

ஏழு வழிகளில் எழுதலாம். 316000 + 316001 எளியது, 210666 + 210667 + 210668 அடுத்தது. எனக்குப் பிடித்தது 2011 முதல் 2303 வரையுள்ள 293 எண்களின் கூடுதல். அவற்றின் நடு எண் 2157, 293 × 2157 = 632001. வழிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை வகுத்திகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. எட்டு வகுத்திகளும் ஒற்றைப்படை, ஆகவே ஏழு.

இரும எண்முறையில் எப்படி எழுதப்படும்?

10011010010011000001. இருபது இலக்கங்கள், அவற்றில் எட்டு 1கள்.

1ஐ 632001ஆல் வகுத்தால் தசம விரிவு எப்போது மீண்டும் சுழலும்?

0.00000158227 என்று தொடங்கும் இந்த விரிவு, 52414 இலக்கங்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. எண்ணில் 2உம் 5உம் காரணிகளாக இல்லாததால், தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்திலிருந்தே சுழற்சி தொடங்கிவிடும். நீளம் எப்படிக் கிடைத்தது என்பது காரணிகளிலிருந்து தெரியும். 10இன் எந்த அடுக்கை 293ஆல் வகுத்தால் முதன்முதலாக மீதி 1 வருகிறதோ அதுவே 1/293இன் சுழல் நீளம். அது 292இன் வகுத்தியாகவே இருக்க வேண்டும். 10இன் 73ஆம் அடுக்கு மீதி 292ஐ, அதாவது 1 குறைவான நிலையைத் தருவதால், அதை வர்க்கப்படுத்திய 146ஆம் அடுக்கில்தான் மீதி 1 வருகிறது. 719க்கு அதே வழியில் 718இல் பாதியாகிய 359 வருகிறது. 3க்கு நீளம் 1. இம்மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 146 × 359 = 52414. கையால் நெடும் வகுத்தல் செய்து இதைச் சோதிப்பது யாருக்கும் இயலாது. ஆனால் 1/293இன் 146 இலக்கங்களை ஒரு முழுப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். முதல் 73 இலக்கங்களையும் அடுத்த 73 இலக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் எல்லா இடத்திலும் 9 வரும்.